நுளம்புப் புழுவைக் கொல்லும் பற்றீரியா: கேட்டீர்கள், சொல்கிறேன்

பூச்சிகளைக் கொல்லும் பற்றீரியாக்களோடு பல வருடம் ஆய்வுகூடத்தில் இருந்தவன் என்பதால், மழை தொடங்கியதும் டெங்கு பற்றிய கேள்விகள் என்னிடம் வந்து சேரும். இம்முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு தாய்: பீலியில் எந்நேரமும் தண்ணீர் வராது, பீப்பாயில்தான் பிடித்து வைக்கிறோம். அதில் பி.டி.ஐ. போட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதா சேர்?

பயப்பட வேண்டாம் அம்மா. பி.டி.ஐ. என்பது பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பதன் சுருக்கம், மண்ணில் வாழும் ஒரு பற்றீரியா. 1976இல் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் நுளம்புப் புழுக்கள் செத்துக் கிடந்ததைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். இது வித்தாக மாறும்போது உள்ளே புரதப் பளிங்கு ஒன்றை உண்டாக்கும். அந்தப் பளிங்கு அப்படியே இருக்கும்வரை யாருக்கும் நஞ்சல்ல. புழுவின் குடல் கடுமையான காரத்தன்மை கொண்டது. பளிங்கு அங்கே கரைந்து, நொதிகளால் வெட்டுப்பட்டு, குடற்சுவர்க் கலங்களில் ஒட்டித் துளை போடும். குடல் கிழிந்து புழு சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்த நச்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. குடிநீருக்கு ஏற்றதென மதிப்பிடப்பட்ட தயாரிப்பாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். எல்லாப் போத்தலும் ஒன்றல்ல.

நுவரெலியாவில் மரக்கறி செய்பவர்: கோவாவில் புழுவுக்கு அடிக்கிற பி.டி. மருந்து வீட்டில் மிச்சம் கிடக்கிறது. அதையே தண்ணீர்த் தாங்கியில் போடலாமா?

வேண்டாம். அது அதே பற்றீரியாவின் குர்ஸ்டாகி என்ற வேறு வகை, வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கானது. நுளம்புப் புழுவை நம்பிக்கையாக அழிக்காது. பயிருக்கென்று கலந்த தயாரிப்பைக் குடிக்கிற தண்ணீரில் சேர்க்கவும் கூடாது.

பதுளையிலிருந்து: புகைக்குப் பழகியதுபோல நுளம்பு இதற்கும் பழகிவிடாதா?

நல்ல கேள்வி. பி.டி.ஐ. பளிங்கில் ஒரு நச்சு மட்டும் இல்லை. கிரை4ஏ, கிரை4பி, கிரை11ஏ, சைட்1ஏ என்று நான்கு முக்கிய நச்சுகள் சேர்ந்திருக்கின்றன. ஆய்வுகூடத்தில் கிரை11ஏயை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தபோது கியூலெக்ஸ் என்ற நுளம்பு வகை வேகமாக எதிர்ப்பை வளர்த்தது. நான்கும் சேர்ந்தபோது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. காரணம் சைட்1ஏ. அது நேரே கலச்சவ்வில் பதிந்து, கிரை11ஏ ஒட்டுவதற்கும் தானே இடம் கொடுக்கிறது. புழு தன் குடலில் கதவை மூடினாலும் சைட்1ஏ இன்னொரு கதவைத் திறந்துவிடும்.

லைசினிபசிலஸ் ஸ்ஃபெரிகஸ் என்ற இன்னொரு பற்றீரியாவின் கதை வேறு. இரண்டு புரதங்கள் சேர்ந்து வேலை செய்யும் அதன் பைனரி நச்சு, கியூலெக்ஸின் குடலில் ஒரே ஏற்பியையே, அதாவது நச்சு ஒட்டும் ஒரே இடத்தையே, நம்பியிருக்கிறது. பிரான்ஸ், பிரேசில், இந்தியா, சீனா ஆகிய நாடுகளில் வெளியில் பயன்படுத்தியபோதே எதிர்ப்பு வந்துவிட்டது. டெங்கு பரப்பும் ஈடிஸ் எகிப்தியையோ அது ஆரம்பத்திலிருந்தே பெரிதாகத் தொடவில்லை.

பண்டாரவளையில் உயர்தரம் படிக்கும் மாணவி: அப்படியென்றால் இரண்டின் நச்சுகளையும் ஒரே பற்றீரியாவில் வைக்க முடியாதா சேர்?

முடியும் மகள், செய்துமிருக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் பிரயன் ஃபெடரிசியின் குழு பைனரி நச்சின் மரபணுவைப் பி.டி.ஐ.க்குள் வைத்தது. மரபணுவை வைத்தால் மட்டும் போதாது, புரதம் நிறைய உற்பத்தியாக வேண்டும். அதற்காகச் சைட்1ஏ மரபணுவை வேலை செய்யவைக்கும் ஊக்கித் துண்டையும், புரதம் செய்வதற்கான செய்தியைக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையாமல் காக்கும் ஒரு வரிசையையும் முன்னால் பொருத்தினார்கள். கியூலெக்ஸ் புழுக்களுக்கு எதிராக வீரியம் பத்து மடங்கு அளவுக்குக் கூடியது.

வேறொரு வழி புரதத்தையே மாற்றுவது. கிரை4பி இயல்பில் கியூலெக்ஸை அவ்வளவு பாதிக்காது. ஏற்பியில் ஒட்டும் பகுதியில் ஒரு சிறு வளையத்தைக் கிரை4ஏயில் இருப்பதுபோல் வேறு ஆய்வாளர்கள் மாற்றினார்கள். அதே புரதம் கியூலெக்ஸையும் கொல்லத் தொடங்கியது. சில அமினோ அமிலங்களால் இவ்வளவு வித்தியாசமா என்று நான் வியந்துபோனேன். இன்னும் சிலர் இந்த மரபணுக்களை நீலப்பச்சைப் பாசியில் வைத்தார்கள். பி.டி.ஐ. வெயிலில் பலமிழக்கும், அடியில் படியும், புழுவோ மேலே மேயும். பாசியோ மேல்நீரில் நிற்கும், புழுவுக்கு அதுவே உணவு.

என் அபிப்பிராயம் இதுதான்: ஒரு நச்சின் வீரியத்தை மட்டும் கூட்டுவதைவிட, வெவ்வேறு வழியில் கொல்லும் நச்சுகளை ஒன்றாக வைத்திருப்பதே பெரிது. எதைப் புதிதாகச் செய்தாலும் சைட்1ஏயைக் கைவிடக் கூடாது.

கம்பளையிலிருந்து: பி.டி.ஐ. போட்ட பிறகும் நுளம்பு பறக்கிறதே?

பி.டி.ஐ. தின்றால்தான் வேலை செய்யும். கூட்டுப்புழு தின்னாது, பறக்கிற நுளம்பையும் அது தொடாது. மருந்து போட்ட அன்று கூட்டுப்புழுவாக இருந்தவை பிறகு நுளம்பாக வெளிவரும். பொதுவான தயாரிப்புகளின் பலமும் சில வாரங்களில் குறையும், திரும்பப் போட வேண்டும்.

எங்கே எவ்வளவு போடுவதென்று எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) பணிமனையின் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளுங்கள். கேட்கும்போது பீப்பாயை மட்டும் சொல்லாமல், லயத்துக்குப் பின்னால் கிடக்கும் டயர், மூங்கில் வெட்டிய அடிக்கட்டை, பீலிக்குப் பக்கத்துச் சீமெந்துக் குழி எல்லாவற்றையும் காட்டுங்கள். பீப்பாயைக் கழுவும் நாளில் உட்சுவரை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். ஈடிஸின் முட்டை அங்கே காய்ந்தபடி மாதக்கணக்கில் ஒட்டியிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.