சிவப்பு விளக்கு அணையவில்லையே!

கேள்வி: அப்பா ஓட்டிய 1962 மொரிஸ் மைனர் இப்போது என்னிடம். வேகமாகப் போனாலும் டாஷ்போர்டில் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு அணைவதில்லை, புது பேட்டரியும் இரண்டே நாளில் படுத்துவிட்டது. பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவை மாற்றிவிடவா?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள். சரியாக இருந்தால், டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றி, டைனமோவில் அவை இருந்த இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்து, வோல்ட் மீட்டரின் கறுப்பு முனையை அங்கே வையுங்கள், சிவப்பை பாடியில் (உங்கள் காரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு இணைந்தது, யாராவது இடையில் மாற்றியிருந்தால் முனைகளையும் மாற்றிப் பிடியுங்கள்). அப்புறம் எஞ்சின் வேகத்தை மெதுவாகக் கூட்டினால் முள் சட்டென்று ஏற வேண்டும். 20 வோல்ட்டை எட்டும் முன்பே நிறுத்திவிடுங்கள், இன்னும் முறுக்கினால் டைனமோவே கருகும்.

ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியிலோ வயரிலோதான். முள் அசையவே இல்லையா? பெரும்பாலும் டைனமோவுக்குள் உரசி மின்சாரத்தை எடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், மலிவான வேலை. ஒரு வோல்ட்டோடு நின்றால் டைனமோவுக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்ட் காயிலைப் பாருங்கள்.