272 கிடைக்காவிட்டால் மறுதேர்தலா?

கேள்வி: மக்களவைத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் 272 கிடைக்கவில்லை என்றால் குடியரசுத் தலைவர் யாரைக் கூப்பிடுவார்? உடனே மறுதேர்தல் வந்துவிடுமா?

பதில்: அவ்வளவு சீக்கிரம் வராது. முதலில், 272 என்ற எண் அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. 543 இடங்களில் பாதிக்கு மேல் என்று நாம் போட்டுக்கொள்ளும் கணக்கு அது. அவையில் ஜெயிக்க, அன்று வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். 1993-ல் நரசிம்ம ராவின் சிறுபான்மை அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 265-க்கு 251 என்று முறியடித்தது. (அந்த வாக்குகளில் சில எப்படி வந்தன என்பது உச்ச நீதிமன்றம் வரை போன தனிக்கதை.)

சரி, யாரைக் கூப்பிடுவார்? பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று 75-வது பிரிவு சொல்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லவில்லை. 1989-ல் 197 இடங்களோடு காங்கிரஸ்தான் தனிப்பெரும் கட்சி. ராஜீவ் காந்தி உரிமை கோரவில்லை. பாஜகவும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்க, வி.பி.சிங் பிரதமரானார். 1996-ல் சங்கர் தயாள் சர்மா, 161 இடங்கள் பெற்ற பாஜகவின் வாஜ்பாயை அழைத்தார். வாக்கெடுப்புக்கே போகாமல் 13 நாளில் அந்த அரசு ராஜினாமா செய்தது.

1998-ல் கே.ஆர்.நாராயணன் உஷாராக இருந்தார். பதவியேற்புக்கு முன்பே கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டார். ஜெயலலிதாவின் கடிதம் வந்துசேரும்வரை வாஜ்பாய் காத்திருக்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி. ஆகவே முடிவு வெளியாகும் நாளில் யார் முதலிடம் என்பதைவிட, யாருக்கு யார் கடிதம் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணிக்குப் பெரும்பான்மை இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. 2024-ல் பாஜகவுக்கு 240தான். கூட்டணிக்கு 293 இருந்ததால் மோதியின் பதவியேற்பில் இழுபறி ஏதும் இல்லை.

மறுதேர்தல் எப்போது வரும் என்பதற்கு 1999-ஐப் பாருங்கள். அதிமுக ஆதரவை விலக்கிக்கொள்ள, ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றார். கவிழ்த்தவர்களிடமும் 272 இல்லை! அப்புறம் சோனியா காந்தி முயன்று பார்த்தார்; சமாஜ்வாதி கட்சியின் முலாயம் சிங் ஆதரவு தராமல் கைவிட்டார். வேறு யாராலும் ஆட்சி அமைக்க முடியாது என்று ஆன பிறகே அவை கலைக்கப்பட்டது. செப்டம்பர், அக்டோபரில் தேர்தல் நடந்து முடியும்வரை வாஜ்பாயே காபந்து பிரதமர். கார்கில் போர் நடந்ததும் அந்த இடைவெளியில்தான்.