சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால்

கே: லினக்ஸில் நேரம் தப்பாகக் காட்டுகிறது. என்ன செய்ய? (சேலம்)

ப: எவ்வளவு தப்பு? இரண்டு நிமிடமா, ஐந்தரை மணி நேரமா, 1970க்கே போய்விட்டதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்று அடித்து, வருவதை அப்படியே அனுப்புங்கள்.

கே: டைம்சோன் பட்டியலில் சென்னையையே காணோமே? (தாம்பரம்)

ப: ஏஷியா/கொல்கத்தா. நாடு முழுக்க ஒரே நேரம், ஒரு ஊர்ப் பெயர் போதும்.

கே: லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் உண்டு. உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. தினமும் கையால் திருத்துகிறேன். மதர்போர்டு பேட்டரியை மாற்றலாமா? (திருச்சி)

ப: பேட்டரியை விடுங்கள். சாகப்போகும் பேட்டரி கணக்குப் பார்த்து ஐந்தரை மணி நேரம் பிசகாது. சரியாக ஐந்தரை என்றாலே அது சோன் விவகாரம். இதை எத்தனை முறைதான் எழுதுவது!

மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது யூடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) என்று எடுத்துக்கொள்வது லினக்ஸ். உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்வது விண்டோஸ். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்பதை 1 ஆக்கினால் விண்டோஸும் யூடிசி என்றே எடுத்துக்கொள்ளும், சண்டை தீர்ந்தது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 கொடுத்து, அதை உள்ளூர் நேரத்துக்கு இழுத்தும் சமாளிக்கலாம். எனக்கு அது பிடிக்காது.

அப்புறம், அந்தக் கைத்திருத்தம். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் சர்வர் யூடிசியில் ஓடிக்கொண்டிருந்தது. 'நேரம் தப்பு' என்று ஒரு புண்ணியவான் சோனைத் தொடாமல் கடிகாரத்தை மட்டும் ஐந்தரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டுப் போனார். போனிலுள்ள ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் ஓடிபி எண்ணை லாகின் ஏற்கவில்லை. நேரத்தை வைத்துக் கணக்கிடும் அந்த எண்ணுக்கு ஆயுளே 30 நொடிதான். நேரத்தைத் திரும்பச் சரியாக்கியபின் இன்னொரு கூத்து: இடையில் சேமித்த கோப்புகளெல்லாம் எதிர்காலத்தில் பிறந்தவை என்று, நிரல்களைத் தொகுக்கும் மேக் (make) கட்டளை புலம்பியது. ஒரு ராத்திரி போச்சு. முள்ளைத் திருப்பாதீர்கள், சோனை மாற்றுங்கள். நிமிடக் கணக்கை, நெட்டிலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி பார்த்துக்கொள்ளும்.

கே: ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினி. கரன்ட் போய் வந்தால் பழைய தேதி. எந்தத் தளமும் திறப்பதில்லை, சான்றிதழ் பிழை என்கிறது. (கோவை)

ப: அந்த போர்டில் கடிகார சிப்பே கிடையாது, நெட்டிலிருந்துதான் நேரம் வரவேண்டும். தேதி பழையதானால் தளத்தின் சான்றிதழ் 'இன்னும் செல்லாது'. என்டிபி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். நெட் இல்லாத இடமென்றால் டிஎஸ்3231 என்ற கடிகார சிப்பை மாட்டுங்கள், சில நூறு ரூபாய்தான்.

கே: 2003இல் சேமித்த ஒரு கோப்பு. என் கணினியில் காட்டும் நேரத்தைவிட இந்திய நண்பரின் கணினியில் அரை மணி நேரம் குறைவு. யாருடையது பிழை? (கொழும்பு)

ப: இரண்டுமே சரி. இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளியது; அதே ஆண்டுக் கடைசியில் யூடிசி+6இல் வந்து நின்றது. +5:30க்குத் திரும்பியது 2006 ஏப்ரலில்தான். ஏஷியா/கொழும்பு என்ற சோனுக்குள் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது. இன்று இரண்டும் ஒன்றுதானே என்று கொல்கத்தாவுக்கு மாறிவிடாதீர்கள். அரை மணி நேரத்தைக் கையால் திருத்தவும் போகாதீர்கள்.