வாசகர் கேள்வி – பதில்: மட்டக்களப்பு வாவியின் இரு கரைக்கும் வீடு தேடி விநியோகம்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் சுப்பர் மார்க்கெட் நடத்துகிறேன். வட்ஸ்அப்பில் வரும் ஓடர்களை ‘பட்டா’ எனப்படும் இரண்டு சிறிய லொறிகளில் அனுப்புகிறோம். ஒரு நாளைக்கு முப்பது வீடுகள் வரை தேறும். செட்டிபாளையம், ஆரையம்பதிப் பக்கமும் போகவேண்டும், வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கும் போகவேண்டும். பயண வழியைத் திட்டமிடும் மென்பொருளைச் சந்தா கட்டி எடுக்கும்படி மருமகன் சொல்கிறார். “எங்கள் ஊர் வீதியைக் கணினியா காட்டித் தரவேண்டும்?” என்று சாரதிகள் கேட்கிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: ஒரு வாகனம் எந்த வீட்டுக்கு முதலில், எந்த வீட்டுக்குப் பிறகு போவது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், உங்கள் சாரதிகள் சொல்வதில் தவறில்லை. பத்து வீடுகளை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம் என்றாலும், பிரதான வீதி வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் எழுவான்கரையில், அனுபவமுள்ள சாரதிக்கு அவற்றில் நல்ல வரிசை எது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். நாம் இடப்பக்கமாக வாகனம் செலுத்துபவர்கள் ஆதலால், மட்டக்களப்புப் பக்கம் போகும்போது வாவிப்புறத்து வீடுகளையும் திரும்பி வரும்போது கடற்புறத்து வீடுகளையும் முடித்தால், எதிரே வரும் வாகனங்களுக்குக் காத்து நின்று வலப்பக்கம் திருப்பும் வேலை குறையும். இதைச் சொல்லித்தர மென்பொருள் தேவையில்லை.

சிக்கல் அதற்கு முந்திய படியில், எந்த வீடு எந்த வாகனத்துக்கு என்று பங்கிடுவதில் இருக்கிறது. இந்தக் கணக்கை டான்சிக், ராம்சர் என்ற இருவர் 1959இல் எரிபொருள் பவுசர்களுக்காக முதன்முதலில் முறையாக எழுதினார்கள். 1964இல் கிளார்க், ரைட் இருவரும் ஓர் எளிய வழியைக் கொடுத்தார்கள். ஒரு வீடு கடையிலிருந்து 12 கிலோமீற்றர், இன்னொன்று 14 கிலோமீற்றர், இரண்டுக்கும் இடையே 2 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே போய்வந்தால் 52 கிலோமீற்றர். ஒரே பயணத்தில் சேர்த்தால் 28. மிச்சம் 24. இப்படி ஒவ்வொரு சோடி வீட்டுக்கும் மிச்சத்தைக் கணக்கிட்டு, மிச்சம் கூடியவற்றை முதலில் இணைத்துக்கொண்டு போவதுதான் அந்த முறை. வாகனத்தின் கொள்ளளவு, வாடிக்கையாளர் சொன்ன நேரம் ஆகியவற்றையும் சேர்த்து முப்பது வீடுகளுக்கு இதைத் தினமும் காலையில் கையால் போட்டுப் பார்க்க எவருக்கும் பொறுமை இராது. மருமகன் சொல்வதில் பொருள் இருப்பது இங்கேதான்.

ஆனாலும் உடனே சந்தா கட்டவேண்டாம். இத்தகைய சேவைகள் பெரும்பாலும் வாகனத்துக்கு இவ்வளவு என்று டொலரில் அறவிடுபவை. முதலில் ஒரு வாகனத்தைப் பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் படுவான்கரைக்கு மட்டும், மற்றதை எழுவான்கரைக்கு மட்டும் என்று பிரித்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எரிபொருள் செலவு அதிலேயே இறங்கிவிட்டால் சந்தாக் காசு கையில். படுவான்கரை ஓடர்கள் ஒரு நாள் இரண்டும் மறுநாள் பதினைந்துமாக ஏறி இறங்கினால்தான் அந்தப் பிரிப்பு உடையும். அப்போது மென்பொருளை எடுங்கள். எடுத்தபின், ஒவ்வொரு வாசலிலும் பொருளை இறக்கிக் காசு வாங்கப் பிடிக்கும் நேரத்தையும் பதியுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, “காட்டுகிற நேரத்துக்கு வண்டி போய்ச் சேர்வதில்லை” என்று குறைப்படுவோர் அதிகம்.

கேள்வி: கல்முனையில் மொத்த விநியோகம் செய்கிறோம். பரீட்சார்த்தமாக எடுத்த ஒரு மென்பொருள், குருமண்வெளிக் கடைக்கு அடுத்ததாக வாவிக்கு அக்கரையில் உள்ள மண்டூர்க் கடையைப் போட்டு, சில நிமிடப் பயணம் என்று காட்டியது. லொறியோ பட்டிருப்பால் சுற்றிப் போய், மதியம் தாண்டித்தான் சேர்ந்தது. இது ஏன்?

பதில்: இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். மலிவான மென்பொருள்கள் சில, வீதியைப் பாராமல் இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டுத் தூரத்தையே எடுத்துக்கொள்ளும். அவற்றின் கண்ணுக்கு வாவி தெரியாது. மற்றவை வீதி வரைபடத்தைப் பார்த்தாலும், அங்குள்ள படகுப் பாதையையும் வீதியாகவே எண்ணி, கரையில் காத்திருக்கும் நேரத்தை விட்டுவிடும். பாரமேற்றிய லொறியை அதில் ஏற்றலாமா என்பதும் அவற்றுக்குத் தெரியாது. படகைத் தவிர்க்கும் தெரிவு பெரும்பாலும் அமைப்புகளுக்குள் இருக்கும். அதை இட்டுவிட்டு மறுபடி இதே இரண்டு கடைகளையும் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அருகருகே வந்தால், மற்ற வசதிகளைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள்.

குறித்த வீதியைத் தற்காலிகமாக மூடிவைக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாரியில் படுவான்கரை வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும் நாட்களில் அது இல்லாமல் முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை வேளையில் கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடிக் கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும் நீங்களே நேரக் கட்டுப்பாடாகப் பதியவேண்டும். சாரதிக்குச் சொல்லாமலே தெரிந்ததைக் கணினிக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் எங்கள் வாடிக்கையாளர் பலரின் வீடுகளுக்கு இலக்கமே இல்லை. மென்பொருளில் முகவரியை எப்படிக் கொடுப்பது?

பதில்: முகவரியை எழுதவே வேண்டாம். முதல் தடவை பொருள் கொண்டுபோகும் பையனை வாசலில் நின்றபடி கைப்பேசியில் இருப்பிடத்தைப் பதியச் சொல்லி, அதை வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடமே வட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பச் சொன்னால், சிலர் கந்தோரில் இருந்தபடி கந்தோரையே அனுப்பிவிடுவார்கள்.