பழைய முகவரி எங்கே போனது?

வணக்கம் ஐயா,

கோவையில் ஒரு நிதி நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்னக் குழுவில் இருக்கிறேன். கடன் நோட்டீஸ் அனுப்பிய அன்று வாடிக்கையாளரின் முகவரி உங்கள் பதிவில் என்னவாக இருந்தது என்று ஒரு வழக்கில் வக்கீல் கேட்டார். அதன் பிறகு முகவரி இரண்டு முறை மாறியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தான் வைத்திருக்கிறோம், அப்டேட் போட்டதும் பழையது போய்விட்டது. அந்தத் தேதிக்கான பேக்கப்பும் இல்லை. எதையும் அழிக்காத டேட்டாபேஸ்கள் உண்டு என்கிறார்களே, பல சர்வர்களில் பரவி இருக்கும்போது அது எப்படி நடக்கிறது? டிஸ்க் நிரம்பிவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வக்கீல் கேட்டது மிக நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடியாத மென்பொருளில் மக்களின் கடன் கணக்கை வைத்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. தினமும் பேக்கப் எடுத்தாலும் இது தீராது. காலையில் மாற்றி மாலையில் திரும்ப மாற்றினால் எந்தப் பேக்கப்பிலும் அது விழாது. யார் மாற்றினார்கள் என்பதும் தெரியாது.

எனக்கு நன்றாகத் தெரிந்த டேட்டோமிக் என்ற டேட்டாபேஸை வைத்தே சொல்கிறேன். க்ளோஜர் மொழியை உருவாக்கிய ரிச் ஹிக்கியும் அவர் குழுவும் 2012-இல் வெளியிட்டது. அதில் தகவல் ஒவ்வொன்றும் ஐந்து உறுப்புகள் கொண்ட ஒரு சிறு பதிவு: யாரைப் பற்றி, எந்தப் பண்பு, என்ன மதிப்பு, எந்தப் பரிவர்த்தனையில் (ஒரே வீச்சில் பதிவாகும் மாற்றங்களின் தொகுப்பு), சேர்ப்பா விலக்கலா. உங்கள் வாடிக்கையாளர் பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூருக்குக் குடிபோனால் இப்படி இருக்கும்:

1042, முகவரி, பீளமேடு, 5001, சேர்ப்பு
1042, முகவரி, பீளமேடு, 5090, விலக்கல்
1042, முகவரி, சிங்காநல்லூர், 5090, சேர்ப்பு

முதல் வரியை யாரும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்திரப்பதிவில் ரத்துப் பத்திரம் போட்டாலும் பழைய பத்திரம் கிழிக்கப்படுவதில்லை. வில்லங்கச் சான்றில் இரண்டும் வரும். இதுவும் அப்படித்தான். 5090 என்ற பரிவர்த்தனைக்கும் தனிப் பதிவு உண்டு. அது நடந்த நேரம் அதில் தானாகவே ஏறிவிடும். மாற்றியவர் யார், எந்த விண்ணப்பத்தின் பேரில் என்பதையும் நீங்கள் சேர்க்கலாம். நோட்டீஸ் தேதியைக் கொடுத்து அன்றைய நிலையைக் கேட்டால், அதற்குப் பிந்திய பரிவர்த்தனைகளை விட்டுவிட்டுப் பதில் சொல்லும்.

இனி பல சர்வர் விஷயம். டேட்டோமிக்கில் எழுதும் வேலையும் படிக்கும் வேலையும் பிரிந்து கிடக்கின்றன. எழுதுவது டிரான்சாக்டர் என்ற ஒரே ஒரு நிரல். அது விழுந்தால் எடுத்துக்கொள்ள இன்னொன்று தயாராக நிற்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் எழுதும். சேமிப்பை டைனமோடிபி, கசாண்ட்ரா, போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்களில் ஏதாவது ஒன்று பார்த்துக்கொள்ளும். படிப்பவர்கள் டிரான்சாக்டரிடம் போகவே வேண்டாம், சேமிப்பிலிருந்து நேரடியாக எடுத்துத் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம். எழுதிய துண்டு இனி மாறப்போவதில்லை என்பதால், கேஷில், அதாவது நினைவகத்தில் வைத்த நகலில், இருப்பது பழசாகிவிட்டதா என்ற நித்தியத் தலைவலி இல்லை. படிப்பவர்களுக்காக எழுதுபவர் காத்திருக்கவும் வேண்டாம். இந்த அமைப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

இதற்கு விலை உண்டு. ஒரே டிரான்சாக்டர் என்பதால் எது முன், எது பின் என்ற சண்டை இல்லை. ஆனால் எழுதும் வேகத்துக்கு அந்த ஒரு நிரலே வரம்பு. கண்டம்விட்டுக் கண்டம் பல இடங்களில் எழுத வேண்டுமென்றால், எது முன், எது பின் என்று தீர்மானிக்க ஒரு வழி எல்லா இடத்துக் கடிகாரங்களையும் ஒத்துப்போக வைப்பது. கூகுள் ஸ்பேனர் என்ற தன் டேட்டாபேஸுக்காக டேட்டா சென்டர்களில் ஜிபிஎஸ் கருவிகளையும் அணுக் கடிகாரங்களையும் வைத்தது. அப்படியும் சில மில்லிசெகண்ட் சந்தேகம் மிஞ்சும். அது தீரும்வரை காத்திருந்துதான் பரிவர்த்தனையை முடிக்கும். ஆனால் ஸ்பேனர் பழைய பதிப்புகளைச் சாதாரணமாக ஒரு மணி நேரமே வைத்திருக்கும். வக்கீலுக்கு அது உதவாது.

டிஸ்க்? அட்டவணையின் முழு வரிசையையும் நகலெடுப்பதில்லை, மாறிய பண்பு மட்டுமே சேர்கிறது. முகவரி, வட்டி விகிதம் போன்றவை ஆண்டுக்கு எத்தனை முறை மாறும்? நொடிக்கு நொடி மாறும் எண்ணிக்கைகளுக்கு வரலாறு வேண்டாம் என்று பண்புவாரியாகச் சொல்லிவிடலாம். படங்களையும் ஸ்கேன்களையும் இதற்குள் போடக் கூடாது. பிரேசிலின் இணைய வங்கியான நுபாங்க் ஆரம்பம் முதல் டேட்டோமிக்கில்தான் ஓடுகிறது. 2020-இல் அதை உருவாக்கிய நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

அழிக்கவே முடியாதா என்றால், முடியும். தன் தகவலை நீக்கச் சொல்ல ஒருவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தால் நீக்கித்தான் ஆக வேண்டும். அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. நீக்கிய செய்தி மட்டும் பதிவில் நிற்கும். இந்த வசதி இல்லாத எதையும் மனிதர்களின் தகவலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று, பலர் சறுக்கும் இடம். மேலே சொன்னது, தகவல் உங்களிடம் பதிவான நேரம். வாடிக்கையாளர் ஜனவரியில் வீடு மாறி மார்ச்சில் சொன்னால், பிப்ரவரி நிலையைக் கேட்கும்போது பீளமேடு என்றே வரும். உங்கள் வக்கீலுக்கு வேண்டியது அதுதான், உங்கள் பதிவில் அன்று இருந்தது. ஆனால் அன்று அவர் எங்கே குடியிருந்தார் என்பது வேறு கேள்வி. அதற்கு வீடு மாறிய தேதியைத் தனிப் பண்பாக வைக்க வேண்டும்.

இதற்காக நீங்கள் போஸ்ட்கிரெஸைக் கைவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த காலத்தில் போஸ்ட்கிரெஸ் பழைய பதிப்புகளை வைத்திருந்து பின்னோக்கிப் பார்க்கவும் விட்டது. 1997-இல் வந்த 6.2 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். இன்று முக்கியமான அட்டவணைகளுக்கு மட்டும் டிரிக்கர் (மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் சிறு நிரல்) வைத்து, பழைய வரிசையை நேரத்தோடும் மாற்றியவர் பெயரோடும் ஒரு வரலாற்று அட்டவணைக்கு அனுப்புங்கள். உங்கள் அளவுக்கு அது போதும்.

கையில் இருக்கும் வழக்குக்கு ஒரு வழி பாக்கி இருக்கலாம். அந்தத் தேதிக்கு முந்தைய முழு பேக்கப் ஒன்றும், அதிலிருந்து தொடர்ச்சியாக வால் (WAL) கோப்புகளும், அதாவது போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் கோப்புகளும், சேமிப்பில் இருந்தால், அன்றைய நிமிடம்வரை டேட்டாபேஸை வேறொரு சர்வரில் மீட்டெடுக்கலாம். பழைய வால் கோப்புகளைத் தானாக நீக்கும் வேலை எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றே சொல்லி முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.