தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை மாநில அரசு தன் விருப்பப்படி மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் விருப்பப்படி அல்ல. முதலாளியின் பொறுப்பு, வேலையில் அடிபட்டதற்கான இழப்பீடு எல்லாம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில், பொதுப்பட்டியலின் 24ஆம் இனத்தில் வருகின்றன. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் சட்டம் போடலாம். இரண்டும் முட்டிக்கொண்டால் 254ஆவது பிரிவுப்படி மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கியிருந்தால், அந்த மாநிலத்துக்குள் அது செல்லும். அதையும் நாடாளுமன்றம் பிறகு ரத்து செய்யலாம். சட்டமன்றத்துக்கே இந்தக் கதி என்றால், வெறும் அரசாணை போட்டு இழப்பீட்டைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

முட்டாத இடத்தில் மாநிலம் தாராளமாகச் செய்யலாம். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன் கீழ் வந்த நலவாரியங்களும் அப்படித்தான். வாரியம் தரும் விபத்து உதவித்தொகை வேறு, முதலாளி கொடுக்கவேண்டிய இழப்பீடு வேறு.

எந்தச் சட்டம் என்பதை விபத்து நடந்த தேதிதான் சொல்லும். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020. அதற்கு முந்தைய விபத்துகளுக்கு 1923ஆம் ஆண்டின் பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். பழைய சட்டப்படி ஒரு கணக்கு: இறந்தவருக்கு வயது 35, மாதச் சம்பளம் 18,000 ரூபாய். 2020 ஜனவரி முதல் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 என்பதால் அதில் பாதி, 7,500. வயதுக்குத் தக்கபடி சட்டம் சொல்லும் பெருக்கு எண் 197.06. பெருக்கினால் ரூ.14,77,950. முழு நிரந்தர ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதமும் விழும்.

பலர் கோட்டை விடுவது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விஷயத்தில். காப்பீடு பெற்ற தொழிலாளி என்றால் முதலாளியிடம் இந்த இழப்பீடு கேட்க முடியாது (பழைய இ.எஸ்.ஐ. சட்டம், பிரிவு 53), இ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் கேட்கவேண்டும். ஆகவே முதலில் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, சாவு வீட்டிலேயே கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம். 1923 சட்டப்படி இறப்பு இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்டவேண்டும். தமிழ்நாட்டில் அவர் பெரும்பாலும் தொழிலாளர் துணை ஆணையர். நேரில் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கழியலாம், மிச்சம் கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது.

1923 சட்டப்படி இழப்பீட்டு மனுவை இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை. திருப்பூரில் இறந்தவரின் குடும்பம் பீகாரில் இருந்தால் அங்கேயே போடலாம். தீர்ப்பு எதிராகப் போனால் முதலாளி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்தான். ஆனால் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிய சான்றை இணைக்காமல் மேல்முறையீடு ஏறாது.