சொரியாசிஸ் கிட்னிக்கு இறங்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். 12 வருடமாக சொரியாசிஸ், முதுகிலும் காலிலும் செதில் செதிலாக உதிர்கிறது. வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கிறார். போன வாரம் ரத்தம் பார்த்ததில் கிரியாட்டினின் 1.5. படை உள்ளே கிட்னிக்கு இறங்கிவிட்டது என்கிறார்கள். உண்மையா டாக்டர்?

பதில்: இறங்கவெல்லாம் இல்லை. சொரியாசிஸ் தோலை விட்டுக் கிளம்பி கிட்னியில் போய் உட்காரும் நோய் கிடையாது, அடுத்தவருக்கு ஒட்டுவதும் கிடையாது (அவருடைய துண்டையும் சோப்பையும் ஒதுக்கி வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், கேட்காமலேயே சொல்கிறேன்). அதற்காக இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தோலில் தெரியும் அந்தச் சிவப்பு, ரத்தத்தில் ஓடும் அழற்சியின் வெளிமுகம்தான், அது வருடக்கணக்கில் ரத்தக்குழாய்களைப் பாதிக்கும், கூடவே பிரஷர், சுகர், எடை என்று கூட்டாளிகளையும் சேர்த்துக்கொள்ளும். 2013-இல் பிரிட்டனில் நோயாளிகளின் பதிவுகளை அலசியபோது, கடுமையான சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. லேசாக இருப்பவர்களிடம் அப்படிக் கூடுதலாகத் தெரியவில்லை. அவருடைய உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடம்பில் சுமார் 1 சதவீதம். படை எத்தனை கையளவு என்று ஒருநாள் வைத்துப் பாருங்கள், 10-ஐத் தாண்டினால் கடுமை என்போம்.

சரி, ஆனால் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிய சீட்டோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது மருந்துப் பையை. இப்படித்தான் ஒருவர் துணிக்கடை கவரைக் கவிழ்த்தார்: மெத்தோட்ரெக்ஸேட் அட்டை, மூட்டுவலிக்கு மெடிக்கலில் நான்கு நான்காக வெட்டி வாங்கிய டைக்ளோஃபெனாக், அப்புறம் பேரும் ஊரும் இல்லாத காகிதப் பொட்டலத்தில் செம்மண் நிறத்தில் ஒரு பொடி. மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறும் வழியே கிட்னிதான். வலி மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்தால் இது வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். இரண்டும் ஒன்றையொன்று மோசமாக்கும்.

பொடி விஷயத்தில் எனக்கு நம் ஆசான்மார்மேல் (நாட்டு வைத்தியர்கள்மேல்) சண்டை இல்லை, வெட்பாலைத் தைலம் தடவுகிறவர்களை நான் தடுப்பதும் இல்லை. இப்படிப்பட்ட பொடியில் பாதரசம் கலந்திருக்கலாம், என்ன சேர்ந்திருக்கிறது என்றே தெரியாமல் அதை மாதக்கணக்கில் விழுங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பாதரசம் சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்துப் புரதத்தை ஒழுகவிடும், சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். 2023-இல் கேரளாவின் மலப்புரத்தில் பாதரசம் கலந்த, முகம் வெளுக்கும் கிரீம் பூசிய சிலருக்கே இந்தக் கோளாறு வந்தது. பூசினாலே அப்படி.

46 வயது ஆணுக்கு 1.5 என்றால் கிட்னி வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 60 மில்லிக்குச் சற்றுக் கீழே. பயந்து ஓடவேண்டிய எண் இல்லை, ஆனால் சும்மா விடவும் கூடாது. விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்து அப்படியே லேபுக்குப் போயிருந்தால்கூடக் கொஞ்சம் ஏறிக் காட்டும். ஒரு வாரத்துக்குள் மறுபடி பாருங்கள், கூடவே சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் (புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும்), பிரஷர், சுகர். மூன்று மாதம் தாண்டியும் குறையாமல் நின்றால்தான் நாள்பட்ட நோய் என்று பெயர் வைப்போம்.

இந்த வார மெத்தோட்ரெக்ஸேட்டை விழுங்கும் முன் தோல் டாக்டரிடம் இந்த ரிசல்ட்டைக் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா, வேறு மருந்தா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் காட்டலாம். மாற்று மருந்தாக சைக்ளோஸ்போரின் என்று பேச்சு வந்தால் கிரியாட்டினின் 1.5 என்பதை நீங்களே ஞாபகப்படுத்துங்கள், அதுவும் கிட்னியைத் தொடும் மருந்து. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள் என்பதை மறந்து தினமும் போட்டுவிட்டார் என்றாலோ, வாய்ப்புண், காய்ச்சல், சிறுநீர் குறைவு என்று எது வந்தாலோ, மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

சாப்பாட்டில் மரச்சீனிக் கிழங்கையும் மீன் குழம்பையும் இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். கருவாட்டையும் ஊறுகாயையும் மட்டும் பாதியாகக் குறையுங்கள், பிரஷர் பார்த்தபிறகு மீதியைச் சொல்கிறேன்.